யிர்காசெஃபே கோப்பி புளிப்பது பழுதா, இயல்பா?

திருகோணமலை, உப்புவெளியிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "டுபாயில் வேலை செய்யும் மகன், எதியோப்பியாவின் யிர்காசெஃபே கோப்பிக் கொட்டை கால் கிலோ கொண்டு வந்தான். வழக்கம்போல உரலில் இடித்து, கொதிக்க வைத்து, பால்மாவும் சீனியும் சேர்த்தேன். புளிக்கிறது, தேத்தண்ணி போல் நீர்த்தும் இருக்கிறது. கொட்டை பழுதாகிவிட்டதா? மாரி தொடங்கப் போகிறது, எப்படி வைத்திருப்பது?"

நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் கொட்டை பழுதாகவில்லை. அந்தப் புளிப்பும் மென்மையும்தான் யிர்காசெஃபேயின் இயல்பு. அவற்றுக்காகவே பலர் அதிக விலை கொடுத்து அதை வாங்குகிறார்கள். ஐயம் தீர, புதிதாக இடித்த தூளை முகர்ந்து பாருங்கள். மல்லிகையின் மணமும், தேசிக்காய்த் தோலை நகத்தால் கீறும்போது எழும் வாசனையும் தெரிந்தால் அது நல்ல கொட்டை. பழைய எண்ணெய், ஈரக் கடதாசி, வினாகிரி போன்ற வாடை அடித்தால் மட்டுமே சந்தேகப்பட வேண்டும்.

யிர்காசெஃபே, தென் எதியோப்பியாவில் கெடியோ மக்கள் வாழும் மலைப்பகுதியில் உள்ளது. நம் நுவரெலியா நகரம் 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறதென்றால், அங்கே கோப்பி விளைவது ஏறத்தாழ 1700 முதல் 2200 மீற்றர் வரையான உயரங்களில். இரவுக் குளிரில் பழம் மெதுவாகப் பழுப்பதால் கொட்டை இறுகி, அமிலங்களும் வாசனைப் பொருள்களும் அதில் செறிகின்றன. பெரும்பாலும் வீட்டு வளவுகளில், வாழையைப் போன்ற என்செட் செடிகளோடும் நிழல்மரங்களோடும் சேர்த்தே அதை வளர்க்கிறார்கள். அந்த நிலப்பரப்பை யுனெஸ்கோ 2023 இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. பழத்தின் தோலை நீக்கி, தொட்டியில் நொதிக்கவிட்டு, ஒட்டியிருக்கும் சதையைக் கழுவி உலர்த்துவதால் சுவை தெளிவாக வருகிறது. பழத்தோடு சேர்த்தே உலர்த்திய வகையும் உண்டு. அதில் பழவாசனை தூக்கலாக இருக்கும்.

இந்த மணத்தைக் காப்பாற்றவே கொட்டையை இளம் பழுப்பாக வறுக்கிறார்கள். நம் வீடுகளில் கறுக்க வறுத்து, மல்லியும் சுக்கும் சேர்த்து இடிக்கும் கோப்பியில், கடும் வறுவல் அமிலங்களைச் சிதைத்துக் கசப்பையும் கனத்தையும் கொடுக்கிறது. பாலையும் சீனியையும் தாங்குவது அந்தக் கனம்தான். யிர்காசெஃபேயில் அது இல்லாததால் பால்மா மணத்தை மூடிவிட, புளிப்பு மட்டும் துருத்திக்கொண்டு நிற்கிறது. ஆகவே பால் வேண்டாம். சுக்கும் மல்லியும் நல்ல சேர்மானங்களே, ஆனால் அவற்றை நம் கோப்பிக்கே வைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீரைக் கவனிப்பது மிக முக்கியம். கடற்கரையோரக் கிணறுகள் பலவற்றில் தண்ணீர் உவர்ப்பாகவும் கடினமாகவும் இருக்கிறது. கடின நீரிலுள்ள பைகாபனேற்று உப்புகள், கோப்பியின் அமிலத்தை நடுநிலையாக்கிச் சுவையைச் சப்பென்று ஆக்கிவிடும். உவர்ப்பில்லாத வடிகட்டிய நீரையோ போத்தல் நீரையோ எடுத்துக்கொள்ளுங்கள்.

தனிக் கருவி எதுவும் தேவையில்லை. ஒருவருக்கு 15 கிராம் கொட்டை போதும். அது மட்டமாக அள்ளிய மூன்று மேசைக்கரண்டி அளவு வரும். இளவறுவல் கொட்டை கடினமானது என்பதால் உரலில் பாதி மாவாகவும் பாதி குறுணியாகவும் உடையும். கிரைண்டர் கிடைத்தால் ரவையளவுக்கு அரையுங்கள். தூளை ஒரு யக்கில் இட்டு, கேத்தல் கொதித்து அடங்கியதும் 240 மில்லிலீற்றர் நீரை ஊற்றி, மூடி, நான்கு நிமிடம் விடுங்கள். பிறகு மேலே மிதக்கும் படலத்தைக் கரண்டியால் ஒரு தடவை கலக்கி, தூள் அடியில் படிந்ததும் மெல்லிய துணியில் வடியுங்கள். அடுப்பில் வைத்துக் கொதிக்கவிட்டால் மணம் ஆவியோடு போய்விடும். நாக்கைச் சுருக்கும் புளிப்பாக இருந்தால் சாரம் சரியாக இறங்கவில்லை என்று பொருள். அடுத்த முறை இன்னும் நைசாக அரையுங்கள். கசந்தால் சற்றுப் பருமனாக. சிறிது ஆறவிட்டுக் குடித்தால் தேசிக்காய் வாசனை இன்னும் தெளிவாகத் தெரியும்.

மாரி காலத்தில் திருகோணமலைக் காற்றின் ஈரம் கொட்டையை விரைவில் கெடுக்கும். ஒரு வாரத்துக்கு வேண்டியதைக் காற்றுப் புகாத போத்தலில் இருட்டான அலுமாரியில் வையுங்கள். மீதியைச் சிறு பொதிகளாகக் காற்றை வெளியேற்றிக் கட்டி, ஆழ்குளிரூட்டியில் வையுங்கள். ஒரு பொதியை வெளியே எடுத்தால் அதன் குளிர் முழுவதும் தணிந்த பின்னரே திறக்க வேண்டும், இல்லாவிட்டால் கொட்டையின் மேல் நீர் வியர்க்கும். அன்றாடம் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தெடுப்பதும் இதே காரணத்தால் கூடாது.

ஏற்கனவே இடித்த தூளை எறிய வேண்டாம். ஒரு பங்கு தூளுக்குப் பத்துப் பங்கு குளிர்ந்த நீர் ஊற்றி, மூடி, குளிர்சாதனப் பெட்டியில் இரவு முழுவதும் ஊறவிட்டுக் காலையில் வடியுங்கள். அதில் புளிப்பு அடங்கியிருக்கும். சிறிது சீனியோடு நண்பகல் வெயிலுக்குக் குடிக்கலாம்.