பனியுகம் ஏன் திரும்பத் திரும்ப வருகிறது?

பனியுகங்கள் வந்து வந்து போவதற்கு வானத்தில் காரணம் உண்டா? உண்டு. பூமியின் சுற்றுப்பாதையும் சாய்வும் மெல்ல மாறுகின்றன. இதற்கு மிலாங்கோவிச் சுழற்சி என்று பெயர். சாய்வு மட்டும் சுமார் 41,000 ஆண்டுக்கு ஒருமுறை 22.1 பாகைக்கும் 24.5 பாகைக்கும் இடையே போய் வரும். அப்புறம், வேகம் குறைந்த பம்பரம் போல அச்சு தலையாட்டவும் செய்யும்.

வருட மொத்த வெயில் பெரிதாக மாறாது. வடக்கே கோடை வெயில் குறைவதுதான் விஷயம். குளிர்காலப் பனி முழுசாகக் கரையாமல் மிஞ்சுகிறது. மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் தோட்டத்து மளிகைக் கடையில், 555 என்ற கடன் நோட்டில் மாதம் ஐந்து வெள்ளி (ரிங்கிட்) பாக்கி நின்றாலே சில வருடத்தில் தலை சுற்றும். பனியும் அப்படித்தான் ஏறியது. தண்ணீர் பனியாக நிலத்தில் தங்கியதால், சுமார் 20,000 ஆண்டுக்கு முன் கடல் 120 மீட்டர் போல இறங்கி, இங்கிருந்து சுமத்ராவுக்குத் தரைவழி இருந்தது!

இப்போதைய சூடும் இதே சுழற்சிதான் என்பது தவறு. சுழற்சி நகர ஆயிரக்கணக்கான ஆண்டுகள் வேண்டும், இந்தச் சூடு நிலக்கரியும் எண்ணெயும் எரித்து 150 ஆண்டுக்குள் ஏறியது.