மரச்சீனிக்குத் துணையாக மாத்திரையா, பயறா?

கேள்வி: குலசேகரம் பக்கம் எங்கள் வீடு. மாமியாருக்கு வயது 64. ஒரு நேர்ச்சைக்காக ஆறு மாதமாக மீனும் முட்டையும் தொடுவதில்லை. இரவில் பெரும்பாலும் மரச்சீனியும் (மரவள்ளிக் கிழங்கு) காந்தாரி மிளகாய்ச் சம்மந்தியும் (துவையல்)தான். கிழங்கில் விஷம் உண்டு, மெத்தியோனின் மாத்திரை கொடுத்தால் சரியாகும் என்கிறார் உறவினர் ஒருவர். கொடுக்கலாமா?

பதில்: மாத்திரை வேண்டாம். ஆனால் உறவினர் ஒன்றுமில்லாததைச் சொல்லவில்லை.

மரச்சீனியில் லினமாரின் என்ற பொருள் இருக்கிறது. கிழங்கை வெட்டினாலும் நசுக்கினாலும் கிழங்கிலேயே உள்ள லினமாரேஸ் என்ற நொதி அதை உடைக்கும், சயனைடு வெளிவரும். மரச்சீனி இலையை மேய்ந்த ஆடு மூச்சு வாங்கித் தள்ளாடி விழுவதை உங்கள் பக்கத்தில் பார்த்திருப்பீர்கள். கால்நடை மருத்துவர் அதற்கு ஏற்றும் மருந்துகளில் ஒன்று சோடியம் தயோசல்பேட். அது கந்தகம் தரும் மருந்து. உடம்பில் உள்ள ரோடனீஸ் நொதி அந்தக் கந்தகத்தைச் சயனைடோடு சேர்த்துத் தயோசயனேட்டாக மாற்ற, அது சிறுநீரில் போய்விடும்.

நம் கல்லீரலிலும் அதே நொதிதான். கிழங்கோடு வரும் சிறு அளவை அது சமாளித்துக்கொள்ளும், கந்தகம் கையில் இருந்தால். அந்தக் கந்தகம் சாப்பாட்டில் உள்ள மெத்தியோனின், சிஸ்டீன் என்ற இரண்டு அமினோ அமிலங்களிலிருந்து (புரதத்தின் கூறுகள்) வருகிறது. மெத்தியோனினை உடம்பால் செய்துகொள்ள முடியாது.

சரி, கிழங்கில் மெத்தியோனின் எவ்வளவு? 100 கிராமில் சுமார் 11 மில்லிகிராம். 55 கிலோ எடையுள்ளவருக்கு இரண்டு அமிலங்களும் சேர்த்து நாளொன்றுக்கு 800 மில்லிகிராமுக்குச் சற்று மேல் வேண்டும். 100 கிராம் சாளை (மத்தி) மீனில் மெத்தியோனின் மட்டுமே 500 மில்லிகிராமைத் தாண்டும். விசாகம் திருநாள் மகாராஜா (1880–1885) திருவிதாங்கூரில் இந்தக் கிழங்கைப் பயிரிட ஊக்கம் கொடுத்தபோது அமினோ அமிலக் கணக்கு யாருக்கும் தெரியாது. ஆனாலும் கிழங்கு வைத்த இலையில் மீன்கறியும் வைத்தார்கள் நம் பாட்டிமார். எனக்கு அதில் பெருமைதான்.

அப்படியானால் மாத்திரை ஏன் கூடாது? கல்லீரலில் மெத்தியோனின் அடினோசில்டிரான்ஸ்பரேஸ் என்ற நொதி மெத்தியோனினைப் பிடித்து வேலைக்கு அனுப்புகிறது. வேலை முடிந்ததும் மிஞ்சுவது ஹோமோசிஸ்டீன். அதற்கு முக்கியமாக இரண்டு வழி. பி6 வைட்டமின் துணையோடு சிஸ்டீனாக மாறலாம். நமக்கு வேண்டிய கந்தகம் அங்கேதான் கிடைக்கிறது. அல்லது மெத்தியோனின் சிந்தேஸ் என்ற நொதி அதை மறுபடி மெத்தியோனினாக்கும். அதற்குப் பி12, போலேட் என்ற இரண்டு வைட்டமின்களும் வேண்டும். மீன், முட்டை இல்லாத 64 வயதில் பி12 குறைந்திருக்க வாய்ப்புண்டு. அந்த நிலையில் மெத்தியோனினை மாத்திரையாகக் கொட்டினால் ரத்தத்தில் ஹோமோசிஸ்டீன் ஏறும். அது ரத்தக்குழாய்க்கு நல்லதல்ல. ஆகவே பி12 ரத்தப் பரிசோதனை ஒன்று செய்துவிடுங்கள். குறைவு என்றால் மருத்துவர் தரும் பி12 மாத்திரைதான் அவருக்குத் தேவையான மாத்திரை.

நேர்ச்சையை முறிக்கச் சொல்ல மாட்டேன். கிழங்கு வைக்கும் இரவில் கூடவே சிறுபயறு வேகவைத்துக் கொடுங்கள். சம்மந்திக்குப் பதிலாக எள்ளுத் துவையல் அரைக்கலாம். எள்ளில் மெத்தியோனின் நிறைய. அப்புறம் ஒரு தம்ளர் பால் அல்லது மோர், அதில் கொஞ்சம் பி12-உம் உண்டு. வாரத்தில் மூன்று நாலு இரவு கிழங்குக்குப் பதில் கஞ்சியும் பயறும் இருக்கட்டும். உப்பு அயோடின் கலந்ததா என்று பாருங்கள். தயோசயனேட் கூடினால் தைராய்டுக்கு அயோடின் போய்ச் சேர்வது தடைப்படும்.

சமைப்பதில்தான் பாதுகாப்பே இருக்கிறது. மேல்தோலோடு அடியில் உள்ள தடித்த தோலையும் உரித்துவிடுங்கள். சயனைடு தருவது அங்கேதான் அதிகம். பெரிய துண்டாகப் போடாமல் சிறிதாக நறுக்கி, நிறையத் தண்ணீரில், மூடாமல் வேகவையுங்கள். அந்தத் தண்ணீரை முழுக்க வடித்துக் கொட்டுங்கள், குழம்புக்கோ ரசத்துக்கோ எடுக்க வேண்டாம். அதன் பிறகு தேங்காய் சேர்த்து மசித்துக்கொள்ளலாம். வெந்த பிறகும் ஒரு துண்டு வாயில் கசந்தால், அந்தக் கிழங்கு முழுவதையும் குழியில் போட்டு மூடுங்கள். ஆட்டுக்கும் போடாதீர்கள்.