லண்டனில் இரவு நேரக் குறைந்த மின்கட்டணத்துக்கு மாறலாமா?

கேள்வி கேட்டவர் இரண்டு வரிதான் எழுதியிருக்கிறார். குடிவந்த வீட்டில் இரண்டு எண் காட்டும் மீட்டர் இருக்கிறது, இரவில் ஏழு மணி நேரத்துக்கு யூனிட் பாதி விலைக்குத் தருவதாகக் கம்பெனியில் சொல்கிறார்கள், நாங்கள் நான்கு பேர், மாறலாமா என்கிறார். வீட்டைச் சூடாக்குவது எது, பகலில் வீட்டில் யார் இருப்பார்கள் என்பதைச் சொல்லவில்லை. வாடகை வீடு, இருவரும் வேலைக்குப் போகிறவர்கள், ஊரிலிருந்து அம்மாவோ மாமியாரோ வந்து கூட இருக்கிறார்கள் என்று நானாக வைத்துக்கொண்டு எழுதுகிறேன். எங்கள் வீடு அப்படித்தான் இருந்தது. லண்டன் ஈஸ்ட் ஹாமில் இரண்டு குளிர்காலம் இந்தத் திட்டத்தோடு வாழ்ந்துவிட்டேன். அதனால் இந்தக் கேள்வியைப் பார்த்துவிட்டுச் சும்மா போக முடியவில்லை.

இதற்கு எகானமி 7 என்று பெயர். பிரிட்டனில் 1978-லிருந்து இருக்கிறது. நிலக்கரி, அணுமின் நிலையங்களை ராத்திரி நிறுத்திக் காலையில் மறுபடி ஓட்டுவது லேசான வேலை இல்லை. ஊர் தூங்கும் நேரத்தில் மின்சாரம் வாங்க ஆள் வேண்டும் என்று விலையைக் குறைத்தார்கள். இரவில் குறைப்பதைப் பகலில் ஏற்றிவிடுவார்கள். இந்த இரண்டாவது பாதியைப் போனில் பேசுகிறவர்கள் அழுத்திச் சொல்வதில்லை.

எங்கள் பில்லில் இருந்த கணக்கைச் சொல்கிறேன். எந்த நேரமும் ஒரே விலை என்றால் யூனிட் 27 பென்ஸ். எகானமி 7-ல் பகல் 33, இரவு 16. அதாவது இரவு யூனிட் ஒவ்வொன்றிலும் 11 பென்ஸ் மிச்சம், பகல் யூனிட் ஒவ்வொன்றிலும் 6 பென்ஸ் நஷ்டம். கணக்குப் போட்டால், 100 யூனிட்டில் 35-க்கு மேல் இரவில் ஓடினால்தான் கையில் ஏதாவது நிற்கும். இருபத்து நாலு மணி நேரமும் ஒரே சீராக மின்சாரம் இழுக்கும் வீட்டில்கூட அந்த ஏழு மணி நேரத்தில் ஓடுவது 29 தான். ஃபிரிட்ஜும் இன்டர்நெட் பெட்டியும் ராத்திரியில் ஓடுகிறதே என்று நம்பி மாறினால் பலன் இல்லை. பெரிதாக ஒன்று இரவில் ஓட வேண்டும்.

எங்கள் வீட்டில் அப்படி ஓடியது ஸ்டோரேஜ் ஹீட்டர். கேஸ் இணைப்பு இல்லாத ஃபிளாட். ஹீட்டருக்குள் கனமான செங்கல் அடுக்கியிருப்பார்கள். மலிவு நேரத்தில் அந்தக் கல் சூடேறி, பகலில் மெல்ல மெல்லச் சூட்டை விடும். மேலே இரண்டு திருகு இருக்கும். இன்புட் என்பது இரவில் எவ்வளவு சூடு சேர்க்க வேண்டும் என்பதற்கு. அவுட்புட் என்பது எவ்வளவு வேகமாக வெளியே விட வேண்டும் என்பதற்கு. படுக்கும்போது அவுட்புட்டை மூடிவிட வேண்டும் என்று எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. இரண்டையும் முழுதாகத் திறந்து வைத்தோம். விடிவதற்குள் பாதிச் சூடு போய்விடும். மகள் பள்ளியிலிருந்து வரும் நாலு மணிக்குக் கல் ஜில்லென்று இருக்கும். உடனே பிளக்கில் மாட்டும் சின்ன ஹீட்டரைப் போடுவோம். அது 2 கிலோவாட். நாலு மணி நேரம் ஓடினால் 8 யூனிட், பகல் விலையில் 2 பவுண்டு 64 பென்ஸ். தினமும்.

இதைச் சரி செய்த பிறகும் பில் இறங்கவில்லை. என் மனதில் இன்னும் ஆறாமல் இருப்பது அதற்குப் பிறகு நடந்ததுதான்.

என் கணவரின் சித்தப்பா மகன் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்திருந்தான். பில்லை வாங்கிப் பார்த்துவிட்டு, "பெரியம்மா பகலெல்லாம் வீட்ல இருக்காங்க இல்லையா அண்ணி, அதான் ஏறுது" என்றான். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் அத்தை, அதாவது என் மாமியார், சமையலறையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். எழுபத்தோரு வயது, கும்பகோணத்திலிருந்து வந்தவர். அன்றிலிருந்து பகலில் எந்த ஸ்விட்சையும் தொட மாட்டார். ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர் போட்டு, சுடுதண்ணீர் பையை மடியில் வைத்துக்கொண்டு, ஜன்னலோரம் வெயில் விழும் இடத்துக்கு நாற்காலியை நகர்த்தி நகர்த்தி உட்கார்ந்திருப்பார். "எனக்குக் குளிரலைம்மா" என்பார். கையைத் தொட்டால் ஐஸ் மாதிரி இருக்கும்.

கம்பெனிக்கு மூன்று தடவை போன் செய்தேன். மூன்று தடவையும் உங்கள் உபயோகம் அவ்வளவுதான் என்றார்கள். அப்புறம் ஒரு நாள் பழைய பில்களை வரிசையாக வைத்துப் பார்த்தேன். பகல் யூனிட் இரவைவிட எக்கச்சக்கமாக இருந்தது. வீட்டிலிருக்கும் ஹீட்டர் அத்தனையும் இரவில் ஓடும்போது அது எப்படி?

2024 நவம்பர், ராத்திரி ஒரு மணி. மீட்டர் மாடிப்படிக்குக் கீழே பொது அலமாரியில் இருந்தது. முக்கோணச் சாவி போட்டுத் திறக்க வேண்டும். அங்கே விளக்கு தானாக எரிந்து தானாக அணையும், அணையும்போதெல்லாம் கையை ஆட்ட வேண்டும். போன் வெளிச்சத்தில் பார்த்தேன். திரையில் ஆர்1, ஆர்2 என்று இரண்டு எண் மாறி மாறி வந்தது. ஆர்1 ஏறிக்கொண்டே இருந்தது. ஆர்2 அசையவில்லை. கம்பெனி ஆர்1-ஐத்தான் பகல் என்று எழுதி வைத்திருந்தது. அப்படியே வீடியோ எடுத்தேன். மறுநாள் மத்தியானம் கெட்டிலையும் அடுப்பையும் போட்டுவிட்டுப் போய்ப் பார்த்தேன். இப்போது ஆர்2 ஏறியது.

ஒரு வருடத்தில் எங்கள் இரவு உபயோகம் 3,900 யூனிட், பகல் 2,600. தலைகீழாகப் போட்டு 1,703 பவுண்டு வாங்கியிருக்கிறார்கள். சரியான தொகை 1,482. வீடியோவை அனுப்பி, எழுத்தில் புகார் கொடுத்து, 8 வாரத்தில் தீராவிட்டால் எனர்ஜி ஓம்பட்ஸ்மனிடம் (மின்சார, கேஸ் கம்பெனிகள் மேல் வரும் புகாரை விசாரிக்கும் தனி அமைப்பு) போவேன் என்று அதிலேயே சொன்னேன். அந்த உரிமை எல்லோருக்கும் இருக்கிறது. 221 பவுண்டு திரும்பி வந்தது. வந்த அன்றைக்கு முதலில் அத்தையிடம்தான் போய்ச் சொன்னேன்: பில் ஏறினது உங்களால இல்ல அத்தை.

சூட்டோடு இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான். அந்த வீட்டைக் காலி செய்தபோது சமையல் மேடையில் மஞ்சள் கறை என்று ஏஜென்ட் டெபாசிட்டில் 120 பவுண்டு பிடிக்கப் பார்த்தார். உள்ளங்கை அகலம்கூட இல்லாத கறை. பத்து வருடப் பழைய மேடை அது. மஞ்சள் இல்லாமல் நாம் எப்படிச் சமைப்பது? இங்கிலாந்தில் டெபாசிட்டைப் பாதுகாப்புத் திட்டத்தில்தான் போட்டு வைக்க வேண்டும், தகராறு வந்தால் அங்கேயே இலவசமாகத் தீர்த்து வைப்பார்கள். நம் ஆட்கள் பலர் இது தெரியாமல் விட்டுவிட்டுப் போகிறார்கள். விடாதீர்கள். குடிவந்த அன்றே மேடை, கார்பெட், மீட்டர் மூன்றையும் படம் எடுத்து வையுங்கள்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். இந்தத் திட்டமே மோசம் என்று நான் சொல்வதாக யாரும் சண்டைக்கு வர வேண்டாம். ஸ்டோரேஜ் ஹீட்டரும், இரவில் காயும் சுடுதண்ணீர் டேங்கும் இருந்தால் இது இல்லாமல் தாக்குப்பிடிப்பது கஷ்டம். எண்ணைச் சரி செய்த பிறகு எங்களுக்கும் லாபமாகத்தான் இருந்தது. மின்சாரக் காரை வீட்டில் சார்ஜ் செய்கிறவர்கள் கணக்கு வேறு. ஒரே இரவில் 50 யூனிட் ஏற்றினால் ஐந்து பவுண்டுக்கு மேல் மிச்சம், அவர்களுக்கென்று தனித் திட்டங்களும் உண்டு.

இப்போது இருக்கும் வீட்டைச் சூடாக்குவது கேஸ் பாய்லர். இங்கேயும் கூப்பிட்டு மாறச் சொன்னார்கள். ஒரு வாரம் குறித்து வைத்துப் பார்த்தேன்: மொத்தம் 74 யூனிட், அதில் இரவு 17. நூற்றுக்கு 23 தான் வந்தது. பழைய விலையில் போட்டுப் பார்த்தாலே வாரம் ஒன்றரை பவுண்டு கூடுதல். வேண்டாம் என்றுவிட்டேன். வாஷிங் மெஷினை ராத்திரியில் போடலாமே என்பார்கள். ஒரு தடவை துவைக்க ஒரு யூனிட் என்றே வைத்தாலும் 11 பென்ஸ்தான் மிச்சம். தூங்கும்போது வாஷிங் மெஷின், டிரையர் ஓட்டாதீர்கள் என்று இங்கே தீயணைப்புத் துறையே சொல்கிறது. கீழ் வீட்டுக்காரர் தூக்கமும் கெடும்.

முடிவெடுக்கும் முன் ஏழு நாள் மீட்டரைக் குறித்து வையுங்கள், மலிவு நேரம் தொடங்கும்போது ஒன்று, முடியும்போது ஒன்று. அந்த நேரத்தைக் கம்பெனியிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள், இடத்துக்கு இடம் மாறும். எங்கள் பழைய மீட்டரில் 12.30 முதல் 7.30 வரை. கோடைக்காக நாடே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைத்தபோது மீட்டர் தள்ளிக்கொள்ளவில்லை, 1.30 முதல் 8.30 என்று ஆகிவிட்டது. மீட்டர் பக்கத்தில் ரேடியோ டெலிஸ்விட்ச் என்று எழுதிய பெட்டி இருந்தால் அதை மாற்றித் தரச் சொல்லுங்கள். பிபிசி நெடு அலையில் வந்த சமிக்ஞையை வைத்து வேலை செய்தது அது, 2025 ஜூன் 30 முதல் படிப்படியாக நிறுத்தத் தொடங்கிவிட்டார்கள்.

ஏற்கெனவே இந்தத் திட்டத்தில் இருந்தால் இன்றைக்கே ராத்திரி மலிவு நேரத்துக்குள் ஒரு அலாரம் வைத்து, எந்த எண் ஏறுகிறது என்று போய்ப் பாருங்கள். பில்லில் அந்த எண்ணுக்கு எதிரே இரவு என்று இருக்க வேண்டும்.