கமெராவை வாங்கியவர் பணம் தரவில்லை: ஏழு மாதங்கள் கடந்துவிட்டன

கேள்வி: கொழும்பு வெள்ளவத்தையில் வசிக்கிறேன். இணைய விளம்பரம் மூலம் எனது கமெராவை 185,000 ரூபாவுக்கு விற்றேன். பணம் இட்டதாக வாங்கியவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய வங்கி ஸ்லிப் போலியானது. ஏழு மாதங்களாக "அடுத்த கிழமை" என்றவர், இப்போது ஏசுகிறார். 120,000 தருவதாகவும் சொல்கிறார். அவரைச் சிறைக்கு அனுப்பலாமா?

பதில்: அவர் ஏசியதும் உங்களை அலைக்கழித்ததும் வழக்கில் பெரிதாக உதவப்போவதில்லை. அந்த ஸ்லிப் கமெராவைக் கொடுப்பதற்கு முன் வந்ததா, பின் வந்ததா என்பதே கேள்வி. முன் வந்து, அதை நம்பியே பொருளைக் கொடுத்திருந்தால், தண்டனைச் சட்டக்கோவையின் 403ஆம் பிரிவின் கீழ் மோசடி என முறையிட இடமுண்டு. கடனாகக் கொடுத்த பின்னரே வந்திருந்தால், பொலிஸார் இதை சிவில் விடயம் என்று திருப்பி அனுப்பவே வாய்ப்பு அதிகம்.

எனக்குக் கவலை தருவது வேறொன்று. விற்றுக் கையளித்த பொருளின் விலையைக் கேட்கும் வழக்கை, பணம் செலுத்தவேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் தாக்கல் செய்யவேண்டும் என்கிறது 1871ஆம் ஆண்டின் காலவிதிப்புக் கட்டளைச்சட்டம். பொலிஸ் முறைப்பாடு நிலுவையில் இருப்பதால் அந்தக் காலம் நின்றுவிடாது. தொலைபேசியில் அவர் தரும் வாக்குறுதியும் அதை நீட்டிக்காது, கையொப்பமிட்ட எழுத்தே வேண்டும். பொலிஸ் விசாரணையை நம்பிக் காத்திருந்து, பதின்மூன்றாம் மாதத்தில் கோப்புடன் வருபவர்களிடம் சொல்வதற்கு என்னிடம் அதிகம் இருப்பதில்லை. வாட்ஸ்அப் உரையாடலையே எழுத்துமூல ஒப்பந்தமாகக் காட்டி, அத்தகைய ஒப்பந்தத்துக்குரிய ஆறு ஆண்டுகள் உண்டென வாதிடலாம். அந்த வாதத்தை நம்பி நாட்களைக் கடத்துவது ஆபத்தானது. உங்களுக்கு எஞ்சியிருப்பது ஐந்து மாதங்கள். அதற்குள், பிணக்குகளைப் பேசித் தீர்க்க உதவும் மத்தியஸ்த சபைக்குச் சென்று, இணக்கம் ஏற்படவில்லை என்ற சான்றிதழைப் பெறாமல் இந்தத் தொகைக்கு நீதிமன்றம் செல்லவும் முடியாது. ஆகவே இந்தக் கிழமையே மனுக் கொடுங்கள். அவரது படத்தையோ அடையாள அட்டையையோ முகநூலில் இடாதீர்கள். மானநஷ்ட வழக்கு உங்கள்மீதே திரும்பும்.

அவர் 120,000 ரூபாவை ஒரே தடவையில் தருவாரானால் வாங்கிக்கொள்ளுங்கள் என்பதே எனது ஆலோசனை. மீதியைத் துரத்தும் செலவு அந்த மீதியையே விழுங்கிவிடும். தவணை கேட்டால், முழுக் கடனையும் ஒப்புக்கொண்டு அவர் கையொப்பமிட்ட கடிதத்தை முதலில் வாங்குங்கள்.