ஊராகச் சேர்ந்து போனில் படம் வரைந்தால் மனநலத்துக்கு உண்மையிலேயே உதவுமா?

ஊரில் பத்திருபது பேர் சேர்ந்து போனிலோ டேப்லெட்டிலோ ஒரே படத்தை வரைகிற மாதிரி ஒரு முயற்சி ஆரம்பித்தால் தனிமைக்கும் மன அழுத்தத்துக்கும் உதவுமா, இல்லை சும்மா பொழுதுபோக்கா என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு உதவியது. ஆனால் நான் நினைத்த வழியில் இல்லை.

காரைக்குடியில் எனக்குச் சின்ன டிடிபி கடை. பிளக்ஸ், கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து எல்லாம் டிசைன் செய்வேன். 2021 மே மாத ஊரடங்கில் கடையைப் பூட்டிவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தபோது வந்ததெல்லாம் ஒரே வேலைதான், கண்ணீர் அஞ்சலி. பிளக்ஸ் அடிக்க வழியில்லை, ஸ்டேட்டஸில் வைக்க ஒரு படம் செய்து கொடு என்பார்கள். கல்யாண குரூப் போட்டோவை அனுப்பி, இடமிருந்து மூன்றாவது ஆள் என்பார்கள். முகத்தை மட்டும் வெட்டி எடுத்து, பின்னால் மேகம் வைத்து, தோற்றம், மறைவு என்று இரண்டு தேதி போட வேண்டும். ஒரு நாளைக்கு ஏழெட்டு, அதில் பாதி தெரிந்த முகம். பெரியப்பாவுக்கும் நான்தான் செய்தேன். அதற்கப்புறம் உயிரோடு இருப்பவர் போட்டோவைத் திறந்தால்கூட மனதுக்குள் மறைவுத் தேதி ஓட ஆரம்பித்துவிட்டது. தூக்கம் போனது. மனநல மருத்துவரைப் பார்த்தேன், ஏழு மாதம் மாத்திரை சாப்பிட்டேன். இதை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன், வரைந்தே குணமாகிவிட்டான் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எதிர்வீட்டில் ஓர் ஆச்சி, 76 வயது. முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என்று தெருவுக்குத் தெரு நீளும் வீட்டில் ஒற்றை ஆளாக ஓர் அறையில் இருக்கிறார். பிள்ளைகள் சிங்கப்பூரில். வீடியோ காலுக்காக மகன் அனுப்பிய டேப்லெட்டில் ஒருநாள் விளையாட்டாக ஒரு வரையும் செயலியைப் போட்டுக் கொடுத்தேன். மாக்கோலம் போட்டுப் பழகிய கை, மோதிர விரலால்தான் இழுத்தார். மற்ற விரல்களும் திரையில் பட்டுக் கோடு கோடாக விழுந்தது. "என்னப்பு, மாவு சொட்டவே இல்லையே" என்றார். ஆனால் மறுநாள் காலை நடுவீட்டுக் கோலம் ஒன்று முழுசாக வாட்ஸ்அப்பில் வந்திருந்தது.

அங்கிருந்துதான் யோசனை. ஆறுக்கு ஆறு, 36 கட்டம். ஆளுக்கு ஒரு கட்டம், அதை நாங்கள் கல் என்போம், எங்கள் பக்கத்து ஆத்தங்குடியில் கையால் செய்யும் தரை டைல்ஸ், அந்த ஆத்தங்குடிக் கல் கணக்கில். ஞாயிறு ராத்திரி எட்டு மணிக்குள் அவரவர் கல்லை வரைந்து அனுப்ப வேண்டும், நான் ஒட்டி ஒரு தரையாக்கிப் போடுவேன். எனக்கு வரைய வராது என்று பின்வாங்கியவர்களிடம் ஒன்றுதான் சொன்னேன்: ஆத்தங்குடியில் கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து நிறச் சிமெண்ட்டைக் கையால்தானே ஊற்றுகிறார்கள், சூளையில் சுடுவதுகூட இல்லை, தண்ணீரில் ஊறவைத்துக் காயவைப்பதுதான், ஒரே அச்சில் வந்த இரண்டு கல்லே அச்சு அசலாக ஒன்றுபோல இருக்காது, அப்புறம் உங்கள் கோணல் கோட்டுக்கு என்ன வந்தது. 31 பேர் சேர்ந்தார்கள்.

நான் செய்த பெரிய தப்பு மூன்றாவது மாதம் நடந்தது. தேவகோட்டையில் இருக்கும் ஓர் அக்கா இரண்டு வாரம் அனுப்பவில்லை. டிசைன்காரன் புத்தி, ஓட்டையாகத் தெரியக் கூடாது என்று பக்கத்துக் கல்லை காப்பி செய்து அந்த இடத்தில் ஒட்டிவிட்டேன். தரை பார்க்க அம்சமாக இருந்தது. அந்த அக்கா பிறகு எனக்குத் தனியாக எழுதினார்: "தம்பி, நான் இல்லாதது யாருக்குமே தெரியவில்லை போல." அவர் அந்த இரண்டு வாரமும் படுக்கையை விட்டு எழவே மனமில்லாமல் கிடந்திருக்கிறார். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அன்றிலிருந்து வராத கல் காலியாகவே கிடக்கும், வெள்ளையாக. பக்கத்துக் கல்காரர் திங்கட்கிழமை அவரைப் போனில் கூப்பிட வேண்டும், அவ்வளவுதான் விதி. ஏன் வரையவில்லை என்று கேட்கக் கூடாது, சாப்பிட்டாச்சா என்று கேட்டால் போதும். உங்கள் கேள்விக்கு என் பதிலில் முக்கால்வாசி இந்த வெள்ளைக் கட்டம்தான்.

ஆராய்ச்சி என்ன சொல்கிறது என்றும் கேட்டிருந்தீர்கள். உலக சுகாதார நிறுவனம் 2019-ல் வெளியிட்ட அறிக்கை, கலைக்கும் உடல், மன நலத்துக்கும் உள்ள தொடர்பு பற்றி 3,000-க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து, பலன் இருக்கிறது என்கிறது. அமெரிக்காவின் டிரெக்சல் பல்கலைக்கழகத்தில் கிரிஜா கைமல் குழுவினர் 2016-ல் வெளியிட்ட ஆய்வில் 45 நிமிடம் கலை வேலை செய்தவர்களில் சுமார் 75 சதவீதம் பேருக்குக் கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் குறைந்தது, முன் அனுபவம் இருந்தாலும் இல்லாவிட்டாலும். ஆனால் அது 39 பேர்தான், அவர்கள் கையில் இருந்ததும் மார்க்கர், களிமண், காகிதம், டேப்லெட் இல்லை. இதை வைத்துக்கொண்டு 'அறிவியல் நிரூபித்துவிட்டது' என்று போஸ்டர் அடிக்காதீர்கள். (போஸ்டர் அடிப்பவன் சொல்கிறேன்.)

பெயர் போடாமல் வரையவிடலாமா என்ற யோசனை எங்களுக்கும் வந்தது. பிராங்க் வாரன் என்ற அமெரிக்கர் 2004-ல் வாஷிங்டனில் 3,000 அஞ்சலட்டைகளைக் கொடுத்து, பெயர் போடாமல் ஒரு ரகசியத்தை எழுதி அனுப்பச் சொன்ன போஸ்ட்சீக்ரெட் என்ற திட்டம் அப்படித்தான் வளர்ந்தது. முன்பின் தெரியாதவர்களுக்குள் அது சரி. எங்கள் ஊரில் கோட்டைப் பார்த்தே இது இன்னார் வீட்டு மருமகள் என்று சொல்லிவிடுவார்கள். தவிர, பெயர் இல்லாவிட்டால் திங்கட்கிழமை யாரைக் கூப்பிடுவது?

போட்டி, பரிசு எதுவும் வைக்காதீர்கள். நாங்கள் பொங்கலுக்கு ஒருமுறை வைத்தோம், நன்றாக வரைகிற நாலு பேர் மிஞ்சினார்கள், மற்றவர்களைத் திரும்பக் கூட்டி வர இரண்டு மாதம் ஆனது.

இன்னொன்று. காலேஜ் பையன் ஒருவன் மூன்று வாரம் தொடர்ந்து வெறும் கறுப்பாக அனுப்பினான். குழுவில் ஆளாளுக்கு அர்த்தம் சொல்ல ஆரம்பித்தார்கள், எனக்குப் பயமாகிவிட்டது. ஒருவர் மட்டும் நேரில் போய்ப் பேசினார், பிறகு 14416-க்குப் பேச வைத்தார். டெலி மானஸ், 2022 அக்டோபரில் தொடங்கிய அரசு மனநல உதவி எண், 24 மணி நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம். இப்போது சிகிச்சையில் இருக்கிறான், கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். படத்துக்கு உரை எழுதுகிற வேலை குழுவுக்கு வேண்டாம், அந்த எண்ணை மட்டும் குழுவின் மேலேயே பின் செய்து வையுங்கள்.

எத்தனை பேர் என்று நீங்கள் சொல்லவில்லை. நாற்பதுக்குள் என்றால் வாட்ஸ்அப்பே போதும், தனிச் செயலிக்குக் காசு செலவழிக்க வேண்டாம். 36 கட்டக் கோப்பு என்னிடம் இருக்கிறது, வேண்டுமென்றால் கீழே சொல்லுங்கள், அனுப்புகிறேன்.