வெல்லம் போட்டால் பால் ஏன் திரிகிறது?

கேள்வி: சர்க்கரையை நிறுத்திவிட்டு டீக்கு வெல்லம் போடுகிறோம். பாதி நாள் பால் திரிந்துவிடுகிறது. வீட்டில் சர்க்கரை நோயாளியும் இருக்கிறார். அவருக்கும் தரலாமா?
– வாசகி, பாலக்கோடு

பதில்: வெல்லத்தில் லேசான புளிப்பு உண்டு. கொதிக்கிற பாலில் சேர்ந்தால் திரியும். பழைய, கசிந்த வெல்லம் என்றால் இன்னும் சீக்கிரம். 100 கிராம் வெல்லத்தை அரை டம்ளர் தண்ணீரில் கரைத்து வடிகட்டுங்கள் (அடியில் நிற்கும் மண்ணை ஒருமுறை பார்த்தால் போதும், பிறகு வடிகட்டாமல் விடமாட்டீர்கள்). ஒரு கொதி வந்ததும் இறக்கி ஆறவிடுங்கள். டீயை இறக்கி இரண்டு நிமிடம் கழித்து, டம்ளருக்கு இரண்டு டீஸ்பூன் பாகு. மறுபடி அடுப்பில் வைக்காதீர்கள். கேழ்வரகுக் கஞ்சிக்கும் இதே பாகுதான்.

பளிச்சென்ற மஞ்சள் வெல்லம் வேண்டாம். நிறத்துக்காக ஹைட்ரோஸ் என்ற வெளுக்கும் ரசாயனம் போட்டிருக்கலாம். கரும்பழுப்பாகக் கேட்டு வாங்குங்கள். நோயாளிக்கு மட்டும் பாகு ஊற்றாமல் கொடுங்கள். வெல்லத்திலும் பெரும்பகுதி சுக்ரோஸ்தான், அதாவது அதே சர்க்கரைதான்.