காப்பி செத்ததால் பிறந்தவர்கள்

அன்புள்ள ஐயா,

நான் கோவையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். என் அப்பாயி இலங்கையில் பிறந்து 1970களில் குடும்பத்தோடு இங்கே வந்தவர். நாங்கள் எந்த ஊர் என்று கேட்டால் "நாம பதுளை ஆளுங்க" என்பார். ஆவணங்களில் எங்கள் பூர்வீகம் நாமக்கல் பக்கம். 'மலையகத் தமிழர்' என்று தனி இனமே இருப்பதாக இப்போது சிலர் எழுதுகிறார்கள். அது அரசியல்வாதிகள் உண்டாக்கிய பெயர் என்கிறார் மாமா. இருநூறு வருடத்தில் ஓர் இனம் உருவாகிவிடுமா? அங்கே சாதியே கிடையாது என்கிறார்களே, உண்மையா? எச்சிலை அனுப்பினால் மரபணுவைப் பார்த்துப் பூர்வீகம் சொல்கிறார்கள். செய்து பார்க்கலாமா?

அன்புடன்,
ர.

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்த வாரத்தில்தான் அப்பாவின் தகரப் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கினேன். இந்திய பாஸ்போர்ட், பற்றுச்சீட்டு ஒன்று, துணியில் சுற்றிய கவ்வாத்துக் கத்தி, தேயிலைச் செடியை வெட்டிவிடுவது. 1974இல் தலைமன்னாரில் கப்பல் ஏறும்போது எதை எதையோ விட்டுவிட்டு அந்தக் கத்தியை எடுத்து வந்திருக்கிறார். அப்போது எனக்குப் பத்து வயது. இரண்டு நாளாக அந்தக் கத்தியை மேஜைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதனால்தான் உங்களுக்கு இத்தனை நீளமாக எழுதுகிறேன்.

முதலில் திட்டிவிடுகிறேன். அப்பாயி உங்களுக்குப் பதில் சொல்லிவிட்டார். அது பதிலாகத் தெரியாமல், எச்சிலைக் குப்பியில் அடைத்து முன்பின் தெரியாதவனிடம் கேட்கக் கிளம்பியிருக்கிறீர்கள். தென்னிந்தியா என்று அவன் எழுதி அனுப்புவான். அதற்கு எதற்குக் காசு? கண்ணாடி இல்லையா வீட்டில்?

மாமா சொல்வதும் சரிதான், அரசியல் உண்டாக்கிய பெயர்தான். அரசியல் உண்டாக்காத பெயர் ஒன்றை அவரைக் காட்டச் சொல்லுங்கள்.

இருநூறு வருடம் என்ற கணக்குக்கு வருகிறேன். இதில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு, நண்பர்கள் கேட்டுக் கேட்டுச் சலித்தது. நம்முடைய வயது இருநூறு இல்லை. நூற்று நாற்பது, மிஞ்சினால் நூற்றைம்பது. நம்மைப் பெற்றது காப்பியைக் கொன்ற ஒரு பூஞ்சணம்.

1820களில் கண்டிச் சீமையில் வெள்ளைக்காரர்கள் காப்பித் தோட்டம் போட ஆரம்பித்தார்கள். திருச்சி, சேலம், புதுக்கோட்டை, மதுரை, ராமநாதபுரம் பக்கத்துச் சனங்கள் மன்னார் கரையில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளைக்கு நடந்தார்கள். 2023இல் இருநூறாண்டு நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடைபயணம் போனார்களே, அந்த வழி. காலராவிலும் காய்ச்சலிலும் வழிநெடுக விழுந்து செத்தார்கள். அவர்களை மறக்கச் சொல்லவில்லை. ஆனால் அவர்களில் பெரும்பாலோர் அங்கே குடியேறப் போனவர்கள் இல்லை. காப்பிப் பழத்துக்கு ஒரு பருவம் உண்டு. பறித்து முடித்ததும் துரைக்கு ஆள் வேண்டாம், ஆளுக்கும் ஊரில் நெல் வேலை காத்திருக்கும். பெரும்பாலும் ஆண்கள். போனார்கள், சம்பாதித்தார்கள் அல்லது கடன்பட்டார்கள், பிழைத்துக் கிடந்தால் திரும்பினார்கள். மறு வருடம் ஆள் சேர்த்து வேலை வாங்க வேறு கங்காணி, வேறு தோட்டம். அப்படியே இன்னும் நூறு வருடம் ஓடியிருந்தாலும் அவர்கள் துறையூர்க்காரனாகவும் முசிறிக்காரனாகவும்தான் இருந்திருப்பார்கள்.

1869இல் காப்பி இலையின் அடிப்பக்கம் ஆரஞ்சு நிறத்தில் தூள் பூத்தது. அடுத்த பதினைந்து இருபது வருடத்தில் இலங்கைக் காப்பி ஒழிந்தது. அந்தத் தூள் பூப்பதற்கு இரண்டு வருடம் முன்பே, 1867இல், லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்டிருந்தார். துரைமார் எல்லாரும் அந்தப் பக்கம் திரும்பினார்கள்.

இங்கேதான் கொஞ்சம் நிறுத்திப் படிக்க வேண்டும் நீங்கள். தேயிலைக்குப் பருவம் கிடையாது. வாரம் பத்து நாளில் மறுபடி கொழுந்து வந்து நிற்கும். வருடம் முழுக்க எடுக்க வேண்டும். அதற்குப் பெண்களின் கை வேண்டும். பெண் வந்தால் குடும்பம் வரும். குடும்பத்துக்குப் பத்துக்குப் பன்னிரண்டு அடியில் காம்பரா என்கிற ஓர் அறை, முன்னால் இஸ்தோப்பு என்கிற ஒரு தாழ்வாரம். அப்படிப் பத்துப் பன்னிரண்டு காம்பரா சேர்ந்தால் ஒரு லயம். தாய் கொழுந்துக்குப் போனால் குழந்தையைப் பார்த்துக்கொள்ளப் பிள்ளைக் காம்பரா. அந்தப் பிள்ளைக்குத் துறையூர் தெரியாது. விடியற்காலையில் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுப்புக்கு, எழுப்பும் தப்புச் சத்தம் தெரியும். மாசியில் காமன் கூத்துக்கு ரதியும் மதனும் லயத்து முன்னால் ஆடுவது தெரியும். அது வளர்ந்து தோட்டத்தின் அடுத்த பிரிவில், டிவிஷன் என்போம், பெண் எடுக்கும், செத்தால் தேயிலைக்கு நடுவில் புதைபடும். இப்படி மூன்று தலைமுறை. அதற்குப் பிறகு ஊரில் இருக்கும் சித்தப்பா மகனைவிடப் பக்கத்துக் காம்பராக்காரர் நெருக்கமாகிவிடுகிறார்.

சரி, அப்படியானால் ஏன் சிங்களவர் ஆகவில்லை? இதை நீங்கள் கேட்கவில்லை, கேட்டிருக்க வேண்டும். நீர்கொழும்பு, சிலாபம் கரையோரத்து மீனவக் குடும்பங்களைப் பாருங்கள். தாத்தா தமிழில் பேசுவார், பேரன் சிங்களவன். தென்னிந்தியாவிலிருந்து போன எத்தனையோ கூட்டம் அங்கே கரைந்து சிங்களச் சாதியாகவே ஆகியிருக்கிறது. நாம் கரையாததற்குக் காரணம் மொழிப்பற்று என்று மேடையில் சொல்வார்கள். மேடைக்கு அது பொருத்தம்தான். என் கணக்கில் காரணம் தோட்டத்தின் எல்லைக்கல். கங்காணி தமிழன், கடை தோட்டத்துக்குள்ளே, பள்ளிக்கூடம் தோட்டத்துக்குள்ளே, மாரியம்மனும் தோட்டத்துக்குள்ளே. கங்காணியிடம் பட்ட கடனைத் துண்டில் எழுதி, ஆளையே தோட்டம் விட்டுத் தோட்டம் மாற்றிய வழக்கம் 1921இல்தான் சட்டப்படி ஒழிந்தது. கிராமத்துச் சிங்களவரோடு சந்தையில் பார்த்துப் பேசியதோடு சரி, பந்தியில் உட்கார்ந்ததில்லை.

உள்ளே இப்படிச் சேர்ந்துகொண்டிருக்க, வெளியே ஆளாளுக்குப் பெயர் வைத்தார்கள். துரைக்குக் கூலி. 1911 குடிசனக் கணக்கில் 'இந்தியத் தமிழர்'. சிங்களவருக்குக் கள்ளத்தோணி. யாழ்ப்பாணத்தாருக்கு வடக்கத்தியான், தோட்டக்காட்டான். 1947 தேர்தலில் நம் ஆட்கள் ஏழு பேர் நாடாளுமன்றம் போனார்கள். மறு வருடமே குடியுரிமைச் சட்டம் வந்து லட்சக்கணக்கான பேரை நாடற்றவராக்கியது. யார் பள்ளர், யார் அகமுடையார், யார் திருச்சி, யார் சேலம் என்று அந்தச் சட்டம் பார்க்கவில்லை, எல்லாரையும் ஒரே கோணியில் போட்டுக் கட்டியது. கோணிக்குள் கிடந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். 1960களில் அட்டனில் ஆசிரியராக இருந்த இர. சிவலிங்கமும் அவர் தலைமுறைப் பையன்களும் 'இந்திய' என்பதைத் தள்ளிவிட்டு மலையகம் என்றார்கள். மண்ணை வைத்து நாமே நமக்கு வைத்த பெயர் அதுதான். அந்தப் பெயருக்குள் வராமல், கணக்கெடுக்க வந்தவரிடம் 'இலங்கைத் தமிழர்' என்று எழுதச் சொல்லிவிட்டுப் போனவர்களும் நிறைய. அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை.

சாதி இல்லை என்று உங்களுக்குச் சொன்னது யார் தம்பி? லயமே சாதிப்படி. மேல் லயம், கீழ் லயம் என்றால் மேட்டையும் பள்ளத்தையும் மட்டுமா சொன்னார்கள்? பெரிய கங்காணிகள் பெரும்பாலும் மேல்சாதி, கொழுந்துக் கூடை தூக்கியவர்களில் பெரும்பகுதி ஒடுக்கப்பட்ட சாதி. இந்த 'இல்லை' என்ற கதையை அங்கிருந்து வந்த நாமே ஏக்கத்தில் கட்டிவிட்டோம். அதைத் தயவுசெய்து உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லாதீர்கள். ஒன்று உண்டு. அங்கே சாதி வாய்க்குள் இருந்தது, காகிதத்தில் வந்ததில்லை. அதைக் காகிதத்தில் நான் பார்த்தது கோத்தகிரிக்கு வந்த பிறகு.

நாடற்றவர்களைப் பங்கிட இந்தியாவும் இலங்கையும் போட்ட 1964 ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974இல் பாதிப்பாதியாகப் பங்கு போட்டார்கள். எங்கள் வீட்டில் அப்பா இந்தியா, அத்தை இலங்கை. எழுபத்து மூன்று, எழுபத்து நான்கில் தோட்டத்தில் பட்டினி. மரவள்ளிக் கிழங்குக்கே வழியில்லாதபோது அப்பா பாஸ்போர்ட்டைத் தூசி தட்டினார். எங்களை ஏற்றிவந்த ரயிலுக்கு அழுகைக் கோச்சி என்றே பெயர். அத்தை ஜன்னல் கம்பியை விடவில்லை, வண்டி நகர்ந்தபோது கொஞ்ச தூரம் கூடவே ஓடி வந்தார். பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை.

மண்டபம் முகாம், அங்கிருந்து நீலகிரி. தாயகம் திரும்பியோருக்காக 1968இலிருந்து அரசு தேயிலை நட்டுக்கொண்டிருந்தது. அங்கே வேலை. என்னை எட்டாம் வகுப்பில் சேர்த்திருந்தபோது சாதிச் சான்றிதழ் கேட்டார்கள். அலுவலகத்தில் ஒருவர் பூர்வீக ஊரிலிருந்து ஆதாரம் கொண்டு வரச் சொன்னார். அப்பா லீவு போட்டுவிட்டு என்னையும் அழைத்துக்கொண்டு துறையூர் பக்கம் போனார். அவரிடம் இருந்த ஆதாரம், அவருடைய தாத்தா சொன்ன கிராமத்துப் பெயரும், வீட்டுக்குப் பின்னால் ஒரு புளியமரம் இருந்தது என்பதும். அந்த ஊரில் எல்லா வீட்டுக்குப் பின்னாலும் புளியமரம். டீக்கடையில் ஒருவர் எங்களைப் பார்த்துவிட்டு உள்ளே குரல் கொடுத்தார்: "கண்டிக்காரங்க வந்திருக்காங்க."

அப்பா டீயைக் குடிக்கவில்லை. டீ நன்றாக இல்லை என்று பஸ்ஸில் சொன்னார். பிறகு யாரோ கையெழுத்துப் போட்டு, எப்படியோ சான்றிதழ் வந்தது. நாலு தலைமுறை பேசாத ஒரு சொல் முத்திரையோடு என் பெயருக்குப் பக்கத்தில் ஏறியது. அந்தக் காகிதத்தால்தான் படித்தேன், வேலைக்குப் போனேன். குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஆனால் அன்றைக்கு அப்பாவுக்கு ஏதோ கழன்று விழுந்தது.

அது திரும்ப ஒட்டிய நாளும் எனக்கு நினைவிருக்கிறது. கோத்தகிரி பஸ் நிலையம், மழை. எங்களுக்குப் பின்னால் ஒரு அம்மா தன் பையனை அதட்டினார்: "மழையில நிக்காம அந்தக் கடை இஸ்தோப்புல ஏறி நில்லுடா." அப்பா சடாரென்று திரும்பினார். பக்கத்தில் நின்ற அந்த அம்மாவின் கணவரிடம் போனார். பெயர் கேட்கவில்லை, ஊர் கேட்கவில்லை, சாதி கேட்கவில்லை.

"எந்தத் தோட்டம்?" என்றார்.

அவர் சொன்னார்.

"எந்த டிவிஷன்?"

அதையும் சொன்னார். இரண்டு பேரும் நனைந்துகொண்டே நின்றார்கள், எங்கள் பஸ் போய்விட்டது. அந்தப் பையனின் தங்கையைத்தான் பன்னிரண்டு வருடம் கழித்து நான் கட்டினேன். இரண்டு சான்றிதழிலும் எழுதியிருப்பது வேறு வேறு சாதி. துறையூர் பக்கமிருந்து ஒருவரும் கல்யாணத்துக்கு வரவில்லை, சிலோன்காரர்கள் ரொட்டியும் சம்பலும் போட்டு மூன்று நாள் தங்கினார்கள்.

அப்பாயிக்கு என்ன வயது என்று நீங்கள் எழுதவில்லை. பதுளையில் எந்தத் தோட்டம், எந்த டிவிஷன் என்று கேட்டு எழுதுங்கள். என் மாமியாரும் பதுளைப் பக்கம்தான். அடுத்த அறையில் விழித்துக்கொண்டு படுத்திருக்கிறார்.